‘இயன்றவரை’ என்ற சொல்லை எடுப்பது எப்படி? மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான கொள்கைப் பணிக்குப் புதிதாக வருவோருக்கு

மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிய ஆவணங்களுக்குப் பஞ்சமில்லை. ஐ.நா. பொதுச் சபை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை, 2008 மே 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதற்கு ஏற்புறுதி அளித்து, அதாவது சட்டப்படி கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டு, இருக்கின்றன. அப்படியிருந்தும் ஓர் அலுவலகத்தின் மூன்று படிக்கட்டுக்கு முன்னால் சக்கர நாற்காலி நின்றுவிடுகிறது. காது கேளாத பெண் மருத்துவரிடம் சொல்ல வேண்டியதை அவருடைய பத்து வயது மகள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆவணத்துக்கும் வாசற்படிக்கும் நடுவில் உரிமை எங்கே தொலைகிறது என்று தேடிப் போனால், பல நேரம் ஒரு சொல்லில் போய் முடியும்: ‘இயன்றவரை’. யார் செய்ய வேண்டும், எந்த அளவில், எந்தத் தேதிக்குள், யார் பணத்தில், செய்யாவிட்டால் யாரிடம் முறையிடுவது என்ற ஐந்துக்கும் விடை சொல்லாத வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் யாரையும் கட்டுப்படுத்தாது. விடை சொல்லும் ஒரு வாக்கியத்தை எழுதவைத்து, அது நடக்கும்வரை விடாமல் நிற்பதுதான் கொள்கைப் பணி.

1. ஒரு தடையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

உடன்படிக்கையின் 1-ஆம் பிரிவு, உடலிலோ மனத்திலோ அறிவிலோ புலனிலோ உள்ள நீண்டகாலக் குறைபாட்டை ஒரு பக்கமும், சூழலில் உள்ள தடையை இன்னொரு பக்கமும் வைக்கிறது. இரண்டும் மோதும் இடத்தில்தான் ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க முடியாமல் போகிறார். கொள்கையால் தொடக்கூடியது தடையை. ஆகவே ‘மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்த வேண்டும்’ என்று மனுவைத் தொடங்காதீர்கள். ‘பார்வையற்ற மாணவர் தேர்வுக்கு எழுத்து உதவியாளர் பெற நான்கு அலுவலகங்களில் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது’ என்று தொடங்குங்கள். முதல் வாக்கியத்துக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். இரண்டாவதற்கு யாராவது ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

முதல் முயற்சிக்கு, ஒரே அதிகாரியின் கையெழுத்தால் மாறக்கூடியதும் ஓராண்டுக்குள் முடியக்கூடியதுமான தடையாக எடுப்பது நல்லது. ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. எளிதில் கிடைப்பது எப்போதும் படிக்கட்டுக்குப் பதிலாகச் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம்தான். அது கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா நடத்தலாம். அதனால் பல அமைப்புகளின் பணி சாய்தளத்தோடு நின்றுவிடுகிறது. சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குவது, வாக்களிப்பது, சிகிச்சைக்குச் சம்மதம் சொல்வது அல்லது மறுப்பது என்று 12-ஆம் பிரிவு பேசும் சட்டத் தகுதியைப் பற்றிக் கேட்க ஆள் இருப்பதில்லை. அறிவுசார் குறைபாடோ மனநலம் சார்ந்த உளசமூகக் குறைபாடோ உள்ளவருக்குப் பதிலாகப் பாதுகாவலர் முடிவெடுக்கும் முறையைக் கைவிட்டு, அவரே முடிவெடுக்கத் துணைசெய்யும் முறைக்கு மாற வேண்டும் என்று உடன்படிக்கைக்கான ஐ.நா. குழு, பிரிவுகளுக்கு விளக்கமாக வெளியிடும் பொதுக் கருத்துரைகளில் முதலாவதிலேயே, 2014-இல், தெளிவாகச் சொல்லிவிட்டது. எளிய இலக்கு ஒன்றை எடுக்கும்போதே இப்படிக் கனமான ஒன்றையும் கூடவே எடுத்து, அதற்கு ஐந்தாறு ஆண்டு ஒதுக்குங்கள்.

2. பேனா யார் கையில் இருக்கிறது?

‘எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்’ என்பது இந்த இயக்கத்தின் உலகளாவிய முழக்கம். உடன்படிக்கையின் 4(3) பிரிவு அதையே அரசின் கடமையாக்குகிறது. சட்டமோ கொள்கையோ வகுக்கும்போது மாற்றுத்திறனாளிகளை, குழந்தைகள் உட்பட, அவர்களுடைய அமைப்புகள் வழியாக நெருக்கமாகக் கலந்தாலோசிக்க வேண்டும். 2018-இல் வந்த 7-ஆம் பொதுக் கருத்துரை மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளையும், மாற்றுத்திறனாளிகளுக்காகச் சேவை செய்யும் அமைப்புகளையும் வேறுபடுத்துகிறது. முன்னதில் தலைமையும் நிர்வாகமும் தெளிவான பெரும்பான்மை உறுப்பினர்களும் மாற்றுத்திறனாளிகளே. சிறப்புப் பள்ளி நடத்துபவரை மட்டும் அழைத்துவிட்டு ‘கலந்தாலோசித்தோம்’ என்று ஓர் அரசுத்துறை சொன்னால் எடுத்துக்காட்ட வேண்டிய இடம் இது.

உங்கள் குழுவுக்கும் இதே அளவுகோல்தான். கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் நடமாடுவதில் குறைபாடுள்ள ஆண்கள் பலரும், பார்வையற்றவர்கள் சிலரும் இருப்பார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், காதும் கண்ணும் ஒருசேர இயங்காதவர்கள், பெண்கள், காப்பகங்களில் அடைபட்டு வாழ்பவர்கள் இருக்கமாட்டார்கள். அவர்கள் தாமாக வரவில்லை என்று விட்டுவிட முடியாது. அழைத்த விதத்தில்தான் குறை.

நிகழ்ச்சி நிரலையும் வரைவையும் ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். ஸ்கேன் செய்த பி.டி.எஃப்., திரையில் உள்ள எழுத்தைப் பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானுக்கு வெறும் படம், அதில் ஒரு வரிகூட ஒலிக்காது. எழுத்தாகத் தட்டச்சு செய்த கோப்பே வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் கூட்டத்துக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர்கள் இருவர் தேவை. இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளாவிட்டால் களைப்பில் பெயர்ப்பு தடுமாறும், பாதிக் கருத்து விழுந்துவிடும். எளிய நடையில் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு வாக்கியங்கள், பக்கத்தில் படங்கள் என்று ஒரு பதிப்பு இருந்தால் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் படித்துவிட்டு வந்து பேசுவார்கள். உதவியாளரின் பயணச் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். அது கிடைக்காததால் வராமல் போனவர்கள் ‘உடல்நிலை சரியில்லை’ என்று மட்டும் சொல்லிவிடுவார்கள், உண்மைக் காரணம் உங்களுக்குத் தெரியாமலே போகும்.

3. ஓட்டை எந்த அடுக்கில்?

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கே. எதைக் கண்டாலும் ‘புதிய சட்டம் வேண்டும்’ என்று கேட்டுவிடுகிறார்கள். சட்டம் பெரும்பாலும் இருக்கும். அதன் கீழ் விதிகள் வகுக்காமல் விட்டிருப்பார்கள். விதி இருந்தால் அளவுகளைச் சொல்லும் தரநிலை இருக்காது. தரநிலை இருந்தால் பணம் ஒதுக்கியிருக்கமாட்டார்கள். பணமும் இருந்தால் ஒப்பந்தப்புள்ளியில் அந்த நிபந்தனையைச் சேர்க்க மறந்திருப்பார்கள். அரசமைப்பு, சட்டம், விதி, அரசாணை, தரநிலை, வரவுசெலவுத் திட்டம், ஒப்பந்தம் என்று மேலிருந்து கீழாக ஒரு தாளில் எழுதி, நீங்கள் எடுத்த தடைக்கு ஒவ்வொன்றிலும் என்ன வாசகம் இருக்கிறது என்று அப்படியே படியெடுத்து ஒட்டுங்கள். எந்த வரிசை காலியாக இருக்கிறதோ அதுவே உங்கள் வேலை. பல நேரம் அது நாடாளுமன்றத்தில் இருக்காது, ஒரு துணைச் செயலாளரின் மேசையில் இருக்கும்.

உங்கள் நாடு உடன்படிக்கையில் கையெழுத்து மட்டும் போட்டதா, ஏற்புறுதியும் செய்ததா, ஏதாவது பிரிவுக்கு விலக்கு கோரியதா, தனிமனிதர் ஐ.நா. குழுவிடம் முறையிட வழிசெய்யும் துணை ஒப்பந்தமான விருப்ப நெறிமுறையையும் ஏற்றதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பிறகு யாரிடம் முறையிடலாம் என்பது இதைப் பொறுத்தது.

இரண்டு கருத்துகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அணுகல்தன்மை என்பது யார் வருவார் என்று தெரிவதற்கு முன்பே எல்லோருக்குமாகச் செய்துவைப்பது: சாய்தளம், திரைவாசிப்பான் படிக்கக்கூடிய இணையதளம். நியாயமான ஏற்பாடு என்பது ஒருவர் கேட்கும் கணத்திலிருந்து அவருக்கென்று செய்வது: ஓர் ஊழியருக்கு வேலைநேரத்தை மாற்றுவது, ஒரு மாணவருக்குத் தேர்வில் கூடுதல் நேரம் தருவது. முன்னதைக் கட்டம் கட்டமாகச் செய்ய இடமுண்டு. பின்னதை, அளவுமீறிய சுமை என்று காட்ட முடியாத நிலையில் மறுத்தாலே அது பாகுபாடு என்று 2-ஆம் பிரிவு சொல்கிறது. பாகுபாடு காட்டாமை உடனடிக் கடமை. ‘படிப்படியாகச் செய்வோம்’ என்ற பதில் அதற்குச் செல்லாது.

4. எண்ணிக் காட்டுங்கள், அளந்து காட்டுங்கள்

உலக அளவில் 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆனால் பல நாடுகளின் கணக்கெடுப்பில் வரும் எண் இதைவிட மிகக் குறைவு. ‘உங்கள் வீட்டில் ஊனமுற்றவர் உண்டா?’ என்று வாசலில் நின்று கேட்டால் பலரும் ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள். வெட்கம், பயம், ‘வயதானால் அப்படித்தானே’ என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்து அந்த ‘இல்லை’யைச் சொல்லவைக்கின்றன.

மாற்றுத்திறன் பற்றிய கணக்கெடுப்புக் கேள்விகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான வாஷிங்டன் குழுவின் குறுங்கேள்வித் தொகுப்பு இதற்காகவே உருவானது. ஆறே கேள்விகள்: கண்ணாடி அணிந்தும் பார்ப்பதில் சிரமம் உண்டா, கருவி அணிந்தும் கேட்பதில், நடப்பதில் அல்லது படியேறுவதில், நினைவில் வைப்பதில் அல்லது கவனம் செலுத்துவதில், குளிப்பது உடுத்துவது போன்ற சொந்த வேலைகளில், பேசிப் புரியவைப்பதில் சிரமம் உண்டா? விடை நான்கு: சிரமமில்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது. ஏதேனும் ஒன்றில் ‘மிகுந்த சிரமம்’ அல்லது அதற்கு மேல் சொன்னவர் கணக்கில் வருவார். ‘ஊனம்’, ‘குறைபாடு’ போன்ற சொற்களைக் கேள்வியில் சேர்க்கவே கூடாது. கணக்கெடுப்பவர் தன் பங்குக்கு ஒரு முன்னுரை சொன்னாலும் விடை மாறிவிடும். இந்த ஆறு கேள்விகளில் உளசமூகக் குறைபாடு சரியாகப் பிடிபடாது. குழந்தைகளுக்கும் இது பொருந்தாது. 2 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு யுனிசெஃபும் வாஷிங்டன் குழுவும் சேர்ந்து உருவாக்கிய தனித் தொகுப்பைப் பயன்படுத்துங்கள்.

கட்டடம் என்றால் அளவு நாடா போதும். மூன்று படிக்கட்டு, ஒவ்வொன்றும் 15 செ.மீ. என்றால் மொத்த உயரம் 45 செ.மீ. பரவலாக ஏற்கப்பட்ட சரிவு 1:12. ஒரு செ.மீ. ஏற 12 செ.மீ. நீளம் வேண்டும், ஆக 540 செ.மீ., அதாவது 5.4 மீட்டர். மேல்முனையிலும் கீழ்முனையிலும் நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் சமதளம் வேறு. வாசலுக்கு முன்னால் இரண்டு மீட்டர்தான் இருக்கிறது என்று அந்த இரண்டு மீட்டருக்குள் சிமென்ட்டைப் பூசி முடித்துவிடுவார்கள். சரிவு 1:4.4 ஆகிவிடும். அதில் ஏறினால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும், இறங்கினால் ஆள் முன்னால் விழுவார். அது ‘சாய்தளம் உண்டு’ என்ற கட்டத்தில் டிக் வாங்கிவிடுவதால் இல்லாததைவிட மோசம். இடம் போதாவிட்டால் 2.7 மீட்டராக இரு மடிப்பு, நடுவில் 1.5 மீட்டர் திருப்பம், இருபுறமும் கைப்பிடி என்று கேளுங்கள். அதற்கும் இடமில்லையா, பக்கவாசலைப் பாருங்கள்.

உள்ளே போனதும் கதவின் திறப்பை அளந்து பாருங்கள்: தடையில்லாமல் குறைந்தது 80 செ.மீ., 90 இருந்தால் நல்லது. கழிப்பறையை அளப்பதற்கு முன் திறந்து பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை என்ற பலகைக்குப் பின்னால் துடைப்பமும் பழைய நாற்காலிகளும் அடுக்கியிருப்பது அரிதல்ல. பூட்டியிருந்தால் சாவி யாரிடம், அவர் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கையில் ‘வசதி போதவில்லை’ என்று எழுதுவதைவிட ‘சாவி வர 25 நிமிடம் ஆனது’ என்று எழுதுங்கள்.

5. வாக்கியத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்

கோரிக்கை மட்டும் வைத்தால் வாசகத்தை வேறொருவர் எழுதுவார், அவர் தனக்கு வசதியாக எழுதுவார். வழக்கமாக வரும் வரி இப்படி இருக்கும்:

‘அனைத்து அரசு அலுவலகங்களும் இயன்றவரை மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்த வகையில் அமைக்கப்படும்.’

‘அமைக்கப்படும்’ என்றால் யாரால்? செயப்பாட்டு வினைக்குள் பொறுப்பாளர் ஒளிந்துகொள்கிறார். ‘உகந்த’ என்றால் எத்தனை செ.மீ.? ‘இயன்றவரை’ என்றால் இயலவில்லை என்று சொன்னாலே போதும். தேதி இல்லை, பணம் இல்லை. தமிழில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது: ‘-லாம்’. ‘வழங்க வேண்டும்’ என்று பேசி முடித்த வரி, கடைசி வரைவில் ‘வழங்கலாம்’ என்று மாறியிருக்கும். ஓர் எழுத்து வேறுபாடு போலத் தோன்றும், கடமை சலுகையாகிவிடும். வரைவு கைக்கு வந்ததும் முதலில் எல்லா வினைமுற்றுகளையும் அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

மாற்றி எழுதினால்:

‘பொதுமக்கள் நேரில் வரும் ஒவ்வோர் அலுவலகத்தின் தலைமை அலுவலரும், இந்த ஆணை வெளியான நாளிலிருந்து 12 மாதத்துக்குள், நுழைவாயில், சேவை பெறும் இடம், கழிப்பறை ஆகிய மூன்றையும் இணைப்பு 1-இல் உள்ள அளவுகளின்படி அமைத்து முடிக்க வேண்டும். செலவு கட்டடப் பராமரிப்பில் தனி உட்தலைப்பாக ஒதுக்கப்பட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் அமைப்பின் பிரதிநிதி இடம்பெறும் குழு நேரில் அளந்து சான்றளிக்க வேண்டும். சான்று பெறாத அலுவலகங்களின் பட்டியலைத் துறைத் தலைவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். பணி முடியும்வரை, கேட்பவருக்குத் தரைத்தளத்திலோ அவர் வீட்டிலோ சேவை அளிக்க வேண்டும்.’

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பன்னிரண்டு மாதம் என்பது ஓய்வூதியத்துக்காகப் படியேற முடியாமல் நிற்பவருக்கு நீண்ட காலம். அளவுகளை ஆணையின் உடலில் எழுதாமல் இணைப்பில் வைப்பதற்கும் காரணம் உண்டு: தரநிலை திருந்தும்போது இணைப்பை மட்டும் மாற்றினால் போதும், ஆணையை மறுபடி திறக்க வேண்டியதில்லை. இணையதளம் என்றால் இணைப்பில், இணைய அணுகல்தன்மைக்கான பன்னாட்டு வழிகாட்டியான டபிள்யு.சி.ஏ.ஜி. 2.2, ஏ.ஏ. நிலை என்று பதிப்பையும் நிலையையும் சேர்த்து எழுதுங்கள். ‘உலகத் தரத்தில்’ என்று எழுதினால் ஒப்பந்தக்காரர் எதைக் கொடுத்தாலும் உலகத் தரம்தான்.

6. பணம்

வரவுசெலவுத் திட்டத்தின் மதிப்பீடுகள் துறைகளிலிருந்து நிதித்துறைக்குப் போகும் மாதம் எது என்று கண்டுபிடித்து, அதற்கு மூன்று மாதம் முன்பே போய்ப் பாருங்கள். அறிவிப்பு வந்த பிறகு கேட்டால் அடுத்த ஆண்டுதான். நலத்துறையின் சிறிய பையிலிருந்து எல்லாவற்றையும் கேட்காதீர்கள். பேருந்துக்குப் போக்குவரத்துத் துறை, பாடநூலுக்குக் கல்வித்துறை, மருத்துவமனையில் சைகைமொழி பெயர்ப்பாளருக்குச் சுகாதாரத்துறை என்று அந்தந்தத் துறையின் செலவில் இடம்பெற வேண்டும். கட்டும்போதே சேர்த்தால் செலவு சிறிது, கட்டி முடித்ததை உடைத்துத் திருத்தினால்தான் பெரிது. ஆகவே புதிய கட்டடங்களையும் புதிய கொள்முதலையும் முதலில் பிடியுங்கள். தாழ்தளப் பேருந்து வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தப்புள்ளியில் இல்லாவிட்டால், வாங்கிய பேருந்துகள் பத்துப் பதினைந்து ஆண்டு சாலையில் ஓடும். அதுவரை நீங்கள் எதுவும் செய்ய முடியாது.

‘மாற்றுத்திறனாளிகளுக்காக’ என்று காட்டப்படும் தொகையையும் பிரித்துப் பாருங்கள். அதில் பெரும்பகுதி காப்பகக் கட்டடங்களுக்குப் போகிறதென்றால், அது சமூகத்தில் சுதந்திரமாக வாழும் உரிமையைச் சொல்லும் 19-ஆம் பிரிவுக்கு எதிர்த்திசையில் ஓடும் பணம்.

7. மேசைக்கு எதிரே

ஒரே தாளில் தடை, சான்று, வாக்கியம், செலவு. மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள், தடையை அனுபவிப்பவரே பேசட்டும். அதிகாரி அவரை விட்டுவிட்டு உடன்வந்தவரிடம் பேசத் தொடங்கினால், உடன்வந்தவர் பதில் சொல்லாமல் அவர் பக்கம் திரும்ப வேண்டும். இதை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ‘குழு அமைக்கிறோம்’ என்ற பதில் வந்தால் உறுப்பினர்கள் யார், முதல் கூட்டம் எப்போது, எந்தத் தேதியில் முடிவு என்ற மூன்றையும் அங்கேயே கேளுங்கள். அன்றே, பேசியதைத் தொகுத்துக் கடிதமாக அனுப்பிவிடுங்கள்.

டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாள். அன்று மேடையில் அறிவிக்க எல்லா அரசும் எதையாவது தேடும். ஆகஸ்டிலேயே உங்கள் வரைவு கோப்பில் ஏறியிருந்தால் அறிவிப்போடு ஆணையும் வெளிவர வாய்ப்புண்டு. நவம்பர் கடைசியில் போனால் பொன்னாடைதான் கிடைக்கும்.

8. ஆணை வந்த பிறகு

33-ஆம் பிரிவின்படி ஒவ்வோர் அரசும் பொறுப்பு அலுவலகம் ஒன்றையும், சுதந்திரமான கண்காணிப்பு அமைப்பு ஒன்றையும் வைத்திருக்க வேண்டும். அவை எவை என்று தெரிந்துகொண்டு, சான்று பெறாத அலுவலகங்களின் பட்டியலை அவற்றுக்கும் அனுப்புங்கள்.

உள்நாட்டில் நகராவிட்டால் ஜெனீவா இருக்கிறது. 18 நிபுணர்கள் கொண்ட ஐ.நா. குழுவுக்கு ஒவ்வோர் அரசும் ஏற்புறுதிக்குப் பிறகு இரண்டு ஆண்டுக்குள்ளும், பிறகு குறைந்தது நான்கு ஆண்டுக்கு ஒருமுறையும் அறிக்கை தர வேண்டும். அமைப்புகள் அரசின் அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தங்கள் பங்குக்கு ஓர் இணை அறிக்கை அனுப்பலாம். அதைப் பிரிவு எண் வரிசையில் எழுதி, ஒவ்வொரு பிரிவின் முடிவிலும் குழு அரசிடம் கேட்க வேண்டிய கேள்வியையும் செய்ய வேண்டிய பரிந்துரையையும் நீங்களே வாசகமாகக் கொடுங்கள். விருப்ப நெறிமுறையை ஏற்ற நாடென்றால் தனிமனிதர் முறையீடும் செய்யலாம். ஆனால் பெயரில்லா முறையீடு செல்லாது, உள்நாட்டுத் தீர்வுகளையும் முதலில் முயன்று தீர்த்திருக்க வேண்டும். அதனால் கீழமை அலுவலகம் அனுப்பிய ஒற்றை வரி மறுப்புக் கடிதத்தைக்கூடத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

உங்களோடு பேசி ஒப்புக்கொண்ட அதிகாரி ஓராண்டில் இடம் மாறுவார். புதியவர் ‘எனக்குத் தெரியாது’ என்பார், அது உண்மையாகவும் இருக்கும். ஆணையின் நகல், அளவுகளோடு படங்கள், பேசிய தேதிகள், அனுப்பிய கடிதங்கள், அடுத்துச் செய்ய வேண்டியது என்று ஒரு கோப்பைத் தயாராக வைத்திருங்கள். அச்சில் ஒன்று, திரைவாசிப்பான் படிக்கும் வடிவில் ஒன்று. புதிய அதிகாரி பொறுப்பேற்ற முதல் வாரத்தில் கோப்போடு போய், பன்னிரண்டாம் மாதம் முடியும் நாளில் எந்த அலுவலகத்தின் வாசலில் அளவு நாடாவோடு நிற்கப்போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.